யாழ்ப்பாணத்தில் குற்றவழக்கு ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்களா? கமராவை வாடகைக்கு எடுக்க முன் இதைப் படியுங்கள்

ஆறு நாள் படம் பிடித்து, ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா செலவழித்து, எடிட்டிங்கும் பாதி முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, என் படத்தின் "குற்றவாளி" மேன்முறையீட்டில் விடுதலையானவர் என்று. 2003 இல் வலிகாமத்தில் நடந்த ஒரு வீட்டுக் கொள்ளை அது. 2008 இல் மேல் நீதிமன்றம் தண்டனை கொடுத்ததைப் பத்திரிகைகள் பெரிதாகப் போட்டிருந்தன, அந்த வெட்டுத்துண்டுகளை வைத்தே நான் முழுக்கதையையும் கட்டிவிட்டேன். நாலைந்து வருசம் கழித்துக் கொழும்பில் அந்தத் தீர்ப்பு ரத்தானது எந்தப் பத்திரிகையில் வந்ததோ, இன்றுவரை என் கண்ணில் படவில்லை. ஒரு கலியாணவீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த பெரியவர் "அந்தாளைப் பிறகு விட்டிட்டாங்களே தம்பி" என்று சொல்லியிருக்காவிட்டால் படத்தை ஏற்றியே இருப்பேன்.

2023 இல் வீரப்பனைப் பற்றி நெட்பிளிக்ஸில் நான்கு பாகத் தொடர் வந்த பிறகு, எங்கள் ஊரில் ட்ரோன் வைத்திருக்கும் பெடியள் பாதிப்பேருக்கு இந்த ஆசை வந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆகவே நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் ஒழுங்காகச் செய்வதற்கு இது. முதலில் காகிதம், பிறகு ஆட்கள், கடைசியில் கமரா.

1. முடிந்த வழக்காகப் பார்த்து எடுங்கள்

நீதிமன்றத்தில் இன்னும் ஓடுகிற வழக்கைத் தொடாதீர்கள். விசாரணையைப் பாதிக்கும் விதமாக ஏதாவது வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பில் மாட்டலாம், அதற்கென்றே 2024 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தேகநபரின் முகத்தை அடையாள அணிவகுப்புக்கு முன் நீங்கள் காட்டிவிட்டால், சாட்சி பிறகு அவரை அடையாளம் காட்டினாலும் "நீ வீடியோவில்தானே பார்த்தாய்" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். உங்கள் படத்தாலேயே உண்மையான கள்ளன் தப்பிவிடக்கூடும்.

பாலியல் குற்ற வழக்கு என்றால் என் ஆலோசனை, முதல் படத்துக்கு அது வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்கீழ் குற்றம், சிறைத்தண்டனைவரை போகும். "நாடே அறிந்த பெயர்தானே, எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதானே" என்பது உங்களைக் காப்பாற்றாது. பெயரை மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தின் வாசலையும் வீட்டு ஒழுங்கையையும் காட்டினாலும் அதே கதைதான், யாழ்ப்பாணத்தில் ஒரு ஒழுங்கையைக் காட்டினால் ஆளைக் காட்டிய மாதிரி.

முதல் முயற்சிக்குப் பத்துப் பதினைந்து வருசம் பழைய, கொள்ளை அல்லது மோசடி வகை வழக்கு நல்லது. மேன்முறையீடும் முடிந்திருக்கும், கதைக்கக்கூடியவர்களும் இன்னும் உயிரோடு இருப்பார்கள்.

2. கடைசித் தீர்ப்பைக் கையில் எடுங்கள்

இந்தப் படியில் சோம்பல்பட்டதால்தான் எனக்கு அவ்வளவு காசு போனது, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரு பெரிய குற்றவழக்கு பொதுவாகப் போகும் பாதை இது. பொலிஸார் முதலில் நீதவான் நீதிமன்றத்தில் பி அறிக்கை (விசாரணையில் கண்டதை நீதவானுக்குச் சொல்லும் அறிக்கை) தாக்கல் செய்வார்கள். பிறகு சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தண்டனை கிடைத்தால் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். பத்திரிகைகள் முதல் இரண்டு கட்டத்தையும் விழுந்து விழுந்து எழுதும். மேலே போன பிறகு ஊர் நிருபருக்கும் ஆர்வம் போய்விடும், தலைப்பும் போய்விடும். அந்த இடைவெளியில்தான் நான் விழுந்தேன்.

ஆகவே பின்னாலிருந்து தொடங்குங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தளங்களில் இலவசமாகப் போடுகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், பெயர் எழுத்துக்கூட்டல் ஒன்றுக்கொன்று மாறும், ஆகவே ஒரே பெயரை நாலு விதமாக எழுதித் தேடுங்கள். மேல் நீதிமன்ற வழக்கு இலக்கம் தெரிந்தால் வேலை பாதியாகும், ஏனென்றால் மேன்முறையீட்டுத் தீர்ப்பின் முதல் பக்கத்திலேயே அந்த இலக்கமும் இருக்கும். பழைய தீர்ப்புகள் எல்லாம் இணையத்தில் இல்லை. அப்படியானால் கொழும்பில் இந்த நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குத்தான் போக வேண்டும், அல்லது அங்கே தொழில் செய்யும் சட்டத்தரணி ஒருவரைப் பிடிக்க வேண்டும்.

கீழ் நீதிமன்ற ஆவணங்களுக்குப் பதிவாளரிடம் சான்றுப்படுத்திய பிரதி கேட்க வேண்டும். நீங்கள் வழக்கில் தரப்பினர் இல்லை என்பதால் "உங்களுக்கு ஏன்?" என்ற கேள்வி வரும். நான் முதல் தடவை வெறுங்கையோடு போய் நின்று, மூன்று மேசை மாறி, மத்தியானம் வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டாம் தடவை ஒரு சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் எழுத்தில் கேட்கும் கோரிக்கை) போட்டோம், ஐந்து வாரத்தில் கிடைத்தது. கொண்டுபோக வேண்டியவை: வழக்கு இலக்கம், எதிரியின் முழுப்பெயர், தீர்ப்புத் திகதி, உங்கள் தேசிய அடையாள அட்டை, என்ன பாவனைக்கு என்று ஒரு பக்கக் கடிதம்.

முழு வழக்கேட்டையும் கேட்காதீர்கள். கட்டணம் பக்கக் கணக்கில்தான் ஏறும். நான் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் கேட்டு 214 பக்கம் வந்தது, அதில் பாதி "வழக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்ற தவணைக் குறிப்புகள். குற்றப்பத்திரிகை, தீர்ப்பு, தண்டனைக் கட்டளை, முக்கியமான இரண்டு மூன்று சாட்சியம், இவ்வளவும் போதும். எங்கள் பக்க நீதிமன்றங்களில் நடவடிக்கை தமிழில் நடப்பதால் இவற்றை நீங்களே வாசிக்கலாம். மேன்முறையீட்டுத் தீர்ப்பைத்தான் ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு இருந்து வாசிக்க வேண்டும், அதுவும் சட்ட ஆங்கிலம் தெரிந்தவர். எங்கள் வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறார், அவர் "தண்டனை உறுதி" என்று வாசித்த பந்தியைச் சட்டத்தரணி "தண்டனை ரத்து" என்று வாசித்தார்.

ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் நீதிமன்ற விடுமுறை வரும். அதற்குக் கிட்டப் போய் விண்ணப்பித்துவிட்டு "இன்னும் வரவில்லை" என்று அழாதீர்கள்.

3. பத்திரிகைகளைத் தேடுங்கள், ஆனால் நம்பாதீர்கள்

முதலில் வீட்டிலிருந்தே நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். பழைய ஈழநாடு இதழ்கள் உட்பட நிறைய இருக்கிறது, காசு இல்லை. பிறகு யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 எரிப்பில் போனவை போனதுதான், ஆகவே எழுபதுகளின் வழக்கு என்றால் அங்கே முழுத் தொகுதி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டிவரும். இரவு பஸ்ஸில் போய்க் காலையில் இறங்கி, அன்றே வேலையை முடித்து இரவு திரும்பலாம் என்று போட்ட கணக்கு எனக்குச் சரிவரவில்லை. பதிவு, கேட்புச்சீட்டு, கட்டு வரும்வரை காத்திருப்பு, மத்தியானம், அவ்வளவில் நாள் போய்விடும். இரண்டு நாளாகத் திட்டமிடுங்கள்.

பத்திரிகையிலிருந்து எடுக்க வேண்டியது திகதி, இடம், வழக்கு இலக்கம், அந்தக் காலத்து ஊர்ப்பேச்சு. யார் குற்றவாளி என்பதை அங்கிருந்து எடுக்காதீர்கள்.

காப்புரிமையும் இங்கேதான் வரும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அன்றாடச் செய்தி, நீதிமன்ற உத்தியோகபூர்வ வாசகம் ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை, எடுத்து வாசிக்கலாம். பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எடுத்த புகைப்படத்துக்கு உண்டு. நான் எழுத்தில் அனுமதி கேட்டு இரண்டு படம் இலவசமாகப் பெற்றேன், மூன்றாவதற்கு 5,000 ரூபா கேட்டார்கள், அதை விட்டுவிட்டேன்.

4. பொலிஸிடம் எழுத்தில் கேளுங்கள்

தெரிந்த அண்ணை ஒருவர் பொலிஸில் இருக்கிறார், அவர் எல்லாம் எடுத்துத் தருவார் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். அப்படி வந்த கடதாசியை உங்களால் படத்தில் காட்டவும் முடியாது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிய தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது, சாதாரணக் கடிதமும் செல்லும், தமிழில் எழுதலாம், ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும், விசேட காரணம் இருந்தால் இன்னும் 21 நாள் நீட்டலாம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (அங்கேயே மேன்முறையீட்டைப் பார்ப்பவர்) மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. ஒப்புகைச்சீட்டு வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள், நாள் எண்ணுவது அந்தத் திகதியிலிருந்துதான்.

விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். காசு போடுகிற கனடா மச்சான் இரட்டைக் குடியுரிமை எடுக்காவிட்டால் அவர் பெயரில் போடாதீர்கள்.

என் முதல் விண்ணப்பத்தில் "இந்த வழக்கில் பொலிஸ் ஏன் சரியாக விசாரிக்கவில்லை?" என்று எழுதியிருந்தேன். அது கேள்வி, தகவல் இல்லை. ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். இரண்டாவதில் முறைப்பாடு பதிவான திகதி, நிலையம், பி அறிக்கை இலக்கம், கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் என்று நான்கு வரி கேட்டேன், மூன்றுக்குப் பதில் வந்தது. தகவல் கொடுத்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள், சட்டமே அதை மறுக்க இடம் கொடுக்கிறது, மறுப்பதும் நியாயம்தான்.

பதவியில் இருப்பவர்கள் மேலிட அனுமதி இல்லாமல் கமரா முன் வரமாட்டார்கள். ஓய்வுபெற்றவர்களைத் தேடுங்கள். நன்றாகக் கதைப்பார்கள், சிலவேளை நன்றாகக் கதை விடுவார்கள், கையில் தீர்ப்பு இருந்தால் எது எது என்று உங்களுக்கு விளங்கும். ஒருவர் தான் ஒற்றைக்கையால் பிடித்த கதையை இருபது நிமிடம் சொன்னார், சாட்சியப் பக்கத்தில் அவர் அன்று லீவு.

5. சொல்லைச் சரியாகப் போடுங்கள்

தமிழ்நாட்டுச் சனல்களைப் பார்த்துப் பழகிய நாக்குக்கு இது பெரிய பொறி. அங்கே உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் நீதிமன்றம், அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். இங்கே உயர் நீதிமன்றம்தான் நாட்டின் உச்சம், அவர்களுடைய உயர் நீதிமன்றத்தின் பெயருக்கு நேரானது எங்கள் மேல் நீதிமன்றம். பின்னணிக் குரலில் இதை மாற்றிச் சொன்னால் வழக்கு எங்கே முடிந்தது என்பதே மாறிவிடும்.

கைதாகும்போது சந்தேகநபர், வழக்கில் எதிரி, தண்டனை உறுதியான பிறகுதான் குற்றவாளி. விளக்கமறியல் என்பது வழக்கு முடியுமுன் காவலில் வைப்பது, அது தண்டனை ஆகாது. "பொலிஸில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்" என்ற வசனத்தை எழுதமுன் இரண்டுதரம் யோசியுங்கள், சாதாரணக் குற்றவழக்கில் பொலிஸ் அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எங்கள் சாட்சியச் சட்டப்படி எதிரிக்கு எதிராகச் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் நிலைமை வேறு, அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. மரண தண்டனை விதித்தார்கள் என்றால் தூக்கில் போட்டார்கள் என்று அர்த்தம் இல்லை, இங்கே கடைசியாகத் தூக்கிலிட்டது 1976 இல்.

6. ஆட்களைச் சந்திப்பது

பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் கமரா இல்லாமல் முதலில் போங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேறு வழக்கைப் பாருங்கள், இதில் சட்டத்தைவிட முகம்தான் பெரிது, நாளைக்கு நல்லூரில் அவர்களைச் சந்திப்பீர்கள். எங்கள் கொள்ளை வழக்கில் நகையைப் பறிகொடுத்த அம்மா மூன்றாம் தரம் போனபோதுதான் உள்ளே இருக்கச் சொன்னா. "போன நகையை இனிப் படத்திலயா தம்பி தேடப் போறீங்க?" என்றா. பதில் சொல்லத் தெரியவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு இருந்தேன்.

எதிரியாக இருந்தவரின் குடும்பத்தையும் பாருங்கள். நான் சொன்ன வீரப்பன் தொடர் ஓடியதற்கு ஒரு காரணம் அதிரடிப்படை ஆட்களோடு வீரப்பனின் மனைவி முத்துலட்சுமியும் இருந்து பேசியது. ஒருபக்கக் கதை என்றால் பொலிஸ் அறிக்கையை வாசித்துவிட்டே போகலாம்.

சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், தமிழில், ஒரு பக்கம்: பெயர், திகதி, எங்கே வெளியாகும், முகம் காட்டலாமா, குரல் மாற்ற வேண்டுமா, எந்தத் திகதிவரை பின்வாங்கலாம். இரண்டு பிரதி, ஒன்று அவர்களுக்கு. சாட்சி சொன்னவர்களிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும், 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கிறது, அவர்களுக்குத் தொல்லை வந்தால் கை உங்களை நோக்கித்தான் நீளும். வெளிநாட்டில் இருக்கும் சாட்சிகள் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளுக்குள் யாராவது ஒருத்தராவது வந்து நிற்பார்கள். நேர்காணலுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை, வெளிப்புறப் படப்பிடிப்புக்கு அதைவிட மோசமான காலமும் இல்லை, கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடியிருக்கும்.

7. படப்பிடிப்பு

இதற்கு உங்களுக்கு என் உதவி தேவைப்படாது, என்னைவிட நன்றாகவே எடுப்பீர்கள். நீதிமன்றத்துக்குள் கமரா கிடையாது, வெளியே வீதியிலிருந்து எடுத்தாலும் சொல்லிவிட்டு எடுங்கள். சிறைச்சாலைக்குத் திணைக்கள அனுமதி வேண்டும், நாங்கள் கேட்டு மூன்று மாதம் இருந்துவிட்டுக் கைவிட்டோம். ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதி எடுங்கள். விமான நிலையம் இருக்கும் பலாலிப் பக்கம் அதை நினைக்கவே வேண்டாம்.

8. நடிப்புக் காட்சியும் எடிட்டிங்கும்

நடித்துக் காட்டும் பகுதியில் "சித்திரிப்பு" என்று எழுதுங்கள், காட்சி முடியும்வரை எழுத்து நிற்கட்டும். செயற்கை நுண்ணறிவால் முகமோ குரலோ செய்தால் யூடியூப்பில் ஏற்றும்போது அதை அறிவிக்க வேண்டும். கொல்லப்பட்டவர் தன் சாவைத் தானே சொல்வதுபோல் தத்ரூபமாகச் செய்யும் வீடியோக்களை யூடியூப் 2024 ஜனவரியிலிருந்து நீக்குகிறது. எனக்கு அது முதல் பார்வையிலேயே பிடிக்காத வேலை.

நேர்காணலில் வசனங்களின் வரிசையை மாற்றாதீர்கள். த ஜிங்க்ஸ் என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிப் பாகம் 2015 இல் வெளியாகும் முதல்நாள்தான், அதில் கொலைச் சந்தேகத்துக்குரியவராக வந்த ராபர்ட் டர்ஸ்ட் கைதானார். அவர் தனியாக முணுமுணுத்த ஒலிப்பதிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நாலு வருசம் கழித்து நீதிமன்ற ஆவணத்தில் முழுப் பிரதி வந்தபோது, வசனங்களை முன்பின்னாக வெட்டி ஒட்டியிருந்தது தெரிந்தது. அவர் 2021 இல் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார், ஆனாலும் படத்தை எடுத்தவர்கள் அந்த வெட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு எச்பிஓ இருந்தது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? வெட்டாத மூலப்பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள்.

9. காசுக் கணக்கு

முதல் தடவை நான் விட்ட 1,85,000 ரூபாவில் கமராவும் விளக்கும் 72,000, ட்ரோன்காரத் தம்பிக்கு 30,000, நடித்தவர்களுக்கும் சாப்பாட்டுக்கும் 38,000, வாகனம் 25,000, எடிட்டிங் முற்பணம் 20,000. ஆவணங்களுக்குப் பூச்சியம்.

இரண்டாம் படத்தில், அது வேறொரு மோசடி வழக்கு, ஆவணத்துக்கும் சட்டத்தரணிக்கும் கொழும்புப் பயணத்துக்குமாக 41,000 போனது. மொத்தச் செலவு முதல் படத்தைவிடக் குறைவு, ஏனென்றால் எதை எடுக்கத் தேவையில்லை என்று முன்பே தெரிந்திருந்தது. காலம்: காகிதம் நான்கு மாதம், ஆட்கள் இரண்டு மாதம், படப்பிடிப்பு மூன்று நாள், எடிட்டிங் ஐந்து வாரம்.

வரவை நம்பி இறங்க வேண்டாம். யூடியூப்பில் விளம்பரப் பங்கு கிடைக்க ஆயிரம் சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணிநேரப் பார்வையும் வேண்டும், கொலை, இரத்தம் என்று வந்தால் விளம்பரம் மட்டுப்படும். வெளிநாட்டுத் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று எனக்கு வாட்ஸ்அப்பில் வாக்குக் கொடுத்தது, படத்தையும் போட்டது, காசு வரவில்லை. கோப்பை அனுப்ப முன் ஒரு பக்க ஒப்பந்தமாவது, அரைவாசி முற்பணமாவது வாங்குங்கள்.

10. ஏற்றுவதற்கு முன்

பின்னணிக் குரல் எழுத்தை அச்சடித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத வசனத்தை வெட்டுங்கள். பிறகு அதை ஒரு சட்டத்தரணியிடம் கொடுங்கள், எனக்கு 10,000 ரூபாவும் ஒரு கிழமையும் எடுத்தது. இலங்கையில் 2002 இலிருந்து அவதூறு குற்றவியல் குற்றம் இல்லை, ஆனால் சிவில் வழக்குப் போடலாம். இணையத்தில் பொய்யான கூற்றுகளை வெளியிடுவது பற்றிய 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. வெல்லுகிற வழக்கும் ஆளைத் தின்றுவிடும்: மேக்கிங் எ மேர்டரர் என்ற அமெரிக்கக் குற்றவழக்குத் தொடருக்காக ஒரு பொலிஸ் அலுவலர் நெட்பிளிக்ஸ் மீது 2018 இல் போட்ட வழக்கு 2023 இல்தான் தள்ளுபடியானது.

ஒரே பெயரில் ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்றும் கிராம அலுவலரிடம் கேளுங்கள். இரண்டாம் படத்தில் எங்கள் எதிரியின் பெயரிலேயே, முதலெழுத்தும் அதேயாக, இரண்டு தெரு தள்ளி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தார். திரையில் வயதையும் ஊர்ப்பிரிவையும் சேர்த்துப் போட்டோம், ஏற்றுவதற்கு முதல்நாள் அவருடைய வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். சேர் சிரித்துவிட்டு, படம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.

சான்றுப்படுத்திய பிரதிகளை லமினேட் செய்யாதீர்கள். மஞ்சள் கவரில், வழக்கு இலக்கத்தை வெளியே எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். படம் வந்து எட்டு மாதம் கழித்தும் ஒருவர் தொலைபேசி எடுத்து "எதை வைத்து இப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டார். பக்க இலக்கத்தைச் சொன்னேன், வைத்துவிட்டார்.